எறும்புக்கும் வலிக்குமா? வாசகர் கேள்வி – பதில்

ஆட்டை வெட்டுவதும் கொசுவை அடிப்பதும் ஒன்றா? "இரண்டும் உயிர்தான்" என்கிறார் என் மாமனார். "பூச்சிக்கு வலியே தெரியாது" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

உயிர்தான் என்று மாமனார் சொல்வது சரி. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டால், அது ஆட்டுக்குச் செய்யும் அநியாயம். ஆட்டுக்கு வலிக்கிறதா என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நமக்கு இருப்பது போன்ற வலி நரம்புகளும் மூளை அமைப்பும் அதற்கும் உண்டு. வலிநிவாரணி கொடுத்தால் நொண்டுவது குறைகிறது. குட்டியைப் பிரித்தால் தேடிக் கத்துகிறது.

பூச்சியின் நிலை அவ்வளவு தெளிவானதல்ல. 1984-இல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை உங்கள் கணவர் பக்கம் நின்றது. கால் நசுங்கிய பூச்சி அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதில்லை, வழக்கம்போல ஊன்றியே நடக்கிறது. கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி தன் பாட்டுக்கு இலையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படி வலி இருக்கும் என்று கேட்டார்கள்.

2022-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள்பீ என்னும் உருண்டைத் தேனீக்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில தட்டுகளை 55 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். சூடில்லாத தட்டிலும் அதே இனிப்பு கிடைத்தபோது தேனீக்கள் சூட்டைத் தவிர்த்தன. சூடான தட்டில் மட்டும் இனிப்பு கூடுதலாக இருந்தபோது பொறுத்துக்கொண்டு குடித்தன. வெறும் அனிச்சைச் செயல் இப்படி லாப நட்டம் பார்க்காது. அதே ஆண்டு, அதே ஆய்வகத்தில், பரிசு எதுவும் இல்லாமலே தேனீக்கள் சிறு மரக்குண்டுகளை மறுபடி மறுபடி உருட்டியதையும் பதிவு செய்தார்கள். விளையாட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. தேனீயின் மூளையில் இருப்பது சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள். நம் மூளையில் சுமார் 8,600 கோடி. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிவியலாளர்களும் தத்துவ அறிஞர்களும் வெளியிட்ட அறிக்கை, பூச்சிகளுக்கும் உணர்வு இருக்க நியாயமான சாத்தியம் உண்டு என்றது. உண்டு என்று அடித்துச் சொல்லவில்லை, சாத்தியம் என்றுதான் சொன்னது.

தொல்காப்பிய மரபியல் சிதலையும் (கறையான்) எறும்பையும் மூவறிவில் வைத்துவிட்டு, "நண்டும் தும்பியும் நான்கறிவினவே" என்கிறது. பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டம் நண்டைச் சேர்த்துக்கொண்டது, தும்பியை வெளியே விட்டது. இரண்டையும் ஒரே வரியில் வைத்த பழைய கணக்கு மேலும் கவனமானது என்றே தோன்றுகிறது.

ஆடும் கொசுவும் சமமில்லை. ஆனால் வலிக்குமோ என்ற ஐயம் இருக்கும்போது, நமக்குப் பெரிய இழப்பு இல்லாத இடத்திலெல்லாம் அந்த ஐயத்தின் பலனைப் பூச்சிக்குத் தர வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்துச் சொல்லப்பட்டவை.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். ஒரு சேலைக்கு எத்தனை புழு சாகிறது? அகிம்சைப் பட்டு வாங்கினால் அந்தப் பாவம் தீருமா?
– வாசகி, ஆரணி

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு நல்ல வெண்பட்டுக் கூடு ஆறரை முதல் ஏழு கிலோ வரை வேண்டும். கூடு ஒன்றின் எடை ஒன்றரை முதல் இரண்டு கிராம். ஜரிகையை விட்டு அரை கிலோ பட்டு உள்ள சேலை என்றால் ஏறத்தாழ 2,000 கூடுகள். கூட்டுக்கு ஓர் உயிர்.

புழு இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்து, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. விட்டுவைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகி, வாயிலிருந்து சுரக்கும் திரவத்தால் கூட்டை நனைத்து இழைகளை விலக்கிக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து அறுபடாத இழையை உருவ முடியாது. அதனால்தான் அதற்கு முன்பே நீராவியிலோ சூடான காற்றிலோ வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். கூட்டை வெயிலில் காயப்போட்டுக் கொல்லும் பழைய முறையும் உண்டு. அது நாள்கணக்கில் இழுக்கும், இருப்பதில் மிக மோசமான சாவு அதுதான்.

பட்டு வேண்டாம் என்று காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பல ஆண்டுகள் சொல்லிவந்ததைப் பல குடும்பங்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றன. அகிம்சைப் பட்டு என்ற பெயரில் இப்போது பரவலாகத் தெரிவது, ஹைதராபாத்தைச் சேர்ந்த குசும ராஜையா உருவாக்கிய முறை. பூச்சி வெளியேறிய பிறகு, ஓட்டைக் கூட்டைப் பஞ்சுபோல் நூற்கிறார்கள். நூல் சற்றுத் தடிமனாக, மினுமினுப்புக் குறைவாக இருக்கும். காஞ்சிபுரம் சேலையின் மொடமொடப்பை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வெளியே வரும் அந்துப்பூச்சியால் பறக்க முடியாது, உண்ண வாயும் இல்லை. சில நாளில் இணைசேர்ந்து 300 முதல் 500 முட்டை இட்டுவிட்டுச் சாகும். அந்த முட்டைகள் பொரித்தால் அத்தனை புழுவுக்கும் மல்பெரி இலை எங்கே? பட்டினியில் சாகும், அல்லது முட்டையிலேயே அழிக்கப்படும். இரண்டு, விவசாயிக்குத் தரமான முட்டை கொடுக்கும் வித்தகங்களில், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, பெப்ரின் நோய்க்கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது கட்டாயம். அகிம்சைப் பட்டின் புழுவும் இப்படிச் சோதித்த முட்டையிலிருந்து வந்ததாகவே இருக்கும். கொலை குறைகிறது, இல்லாமல் போவதில்லை.

ஆமணக்கு இலை தின்னும் எரி பட்டுப்புழு, ஒரு முனையைத் திறந்துவைத்தே கூடு கட்டுகிறது. பூச்சி கூட்டைக் கெடுக்காமல் வெளியேறலாம். ஆனால் அசாமில் கூட்டுப்புழு உணவாகவும் விற்கிறது என்பதால், எரி பட்டு என்றாலே கொல்லாத பட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விசாரித்து வாங்குங்கள். பருத்திக்கு மாறினாலும் காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து அதன் பின்னால் இருக்கும். எங்கள் யோசனை: முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு பட்டு, அதுவும் பாட்டி சேலையாக இருந்தால் இன்னும் நல்லது. நிச்சயதார்த்தம், வரவேற்பு, சம்பந்திக்கு வைத்துக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் பட்டு என்ற வழக்கத்தை விடுங்கள். ஐந்து சேலை குறைந்தால் 10,000 உயிர் மிச்சம்.

கொசு மட்டை, நீல விளக்குப் பெட்டி: இவற்றில் எது குறைந்த பாவம்?
– வாசகர், தூத்துக்குடி

மட்டையில் மின்சாரம் போதுமான அளவு இருந்தால் சாவு நொடியில் முடிகிறது. அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. டெங்கு பரப்பும் கொசுவைக் கொல்வது தற்காப்பு. சார்ஜ் இறங்கிய மட்டைதான் தவறு. பாதி கருகித் துடிக்கவிடும்.

நீல விளக்குப் பெட்டியைக் கழற்றி வையுங்கள். கடிக்கும் கொசு நம் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் சூட்டையும் தேடி வருகிறது, விளக்கை அல்ல. அமெரிக்காவின் டெலாவேரில், வீட்டுத் தோட்டங்களில் மாட்டிய இத்தகைய பெட்டிகளில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணி 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். கடிக்கும் வகை வெறும் 31. மற்றவை பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாதவை.

எல்லாவற்றையும்விட மேலான வழி, கொசு பிறக்கவிடாமல் செய்வது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒருமுறைக்குச் சுமார் நூறு முட்டை இடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை, நாள் தவறாமல், தேங்கிய நீரைக் கொட்டுங்கள். பலரும் கொட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் பலிப்பதில்லை. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் கொண்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் டயர், கொல்லையில் கவிழ்க்காமல் விட்ட ஆட்டுக்கல் குழி ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மேல்நிலைத் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

நெல்லுக்கு மருந்து அடிக்காமல் முடியாது. அப்படியென்றால் சைவம் சாப்பிடுகிறவரும் கொலையில் பங்காளிதானே?
– விவசாயி, மன்னார்குடி

ஆம், பங்காளிதான். சோற்றுக்கும் பூச்சி சாகிறது. எவ்வளவு சாகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள். தண்டுத்துளைப்பானுக்குச் சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியல், அல்லது வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்துக் காய்வு. இலைச்சுருட்டுப்புழுவுக்கு நூற்றுக்குப் பத்து இலைச் சேதம். இதைத் தாண்டினால்தான் மருந்துச் செலவுக்கு ஈடு. வயலில் நாலைந்து இடத்தில் இறங்கி எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடவின்போது நாற்று நுனியைக் கிள்ளி எறிந்தால், அங்கே இருக்கும் தண்டுத்துளைப்பான் முட்டைகளும் போய்விடும். நட்ட 30-ஆம், 37-ஆம் நாளில் டிரைக்கோகிராமா ஜப்பானிக்கம் என்னும் முட்டை ஒட்டுண்ணி (பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் சிறு குளவி) அட்டையை ஏக்கருக்கு 2 சிசி வீதம் இலையின் அடிப்பக்கம் கட்டலாம். காலை வேளையில் கட்டுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்த மருந்தும் கூடாது, அடித்தால் ஒட்டுண்ணிதான் முதலில் சாகும். அது இளம் முட்டையையே நாடும். உணர்வு என்று ஒன்று முளைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கொல்லத்தான் வேண்டும் என்றால் இதைவிட மென்மையான வழி வயலில் இல்லை.

செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் தொடவே வேண்டாம். அவை சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அழித்துவிடும். பிறகு அவற்றுக்கு இரையாக வேண்டிய புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி பல மடங்காகப் பெருகும். மறுபடி மருந்து, மறுபடி சாவு.

மிட்டாயில் பூச்சி இருக்கிறதாமே? பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் போதாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

காக்சினீல் என்ற சிவப்புச் சாயம் கள்ளிப்பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பது. லேபிளில் 120 என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த பூச்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர். 904 என்றால் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சியின் சுரப்பு. மிட்டாய் மேல் பளபளப்புக்குப் பூசுவது. பாலுக்கும் தேனுக்கும் போல ஷெல்லாக்குக்கும் விதிகளிலேயே விலக்கு இருப்பதால், அது இருந்தும் பச்சைப் புள்ளி போடலாம். எண்ணையும் படித்து வாங்குங்கள்.

கரப்பானை வலிக்காமல் கொல்வது எப்படி?
– வாசகர், சேலம்

முழு உடலும் நசுங்கும்படி ஒரே அடி. தலையை மட்டும் நசுக்கினால் போதாது: பூச்சியின் நரம்பு முடிச்சுகள் உடல் நெடுக உள்ளன, மூச்சு விடுவதும் உடலின் பக்கத் துளைகளால். தலை போன கரப்பான் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஸ்பிரேயில் உள்ள பைரித்ராய்டு நரம்பை ஓயாமல் தூண்டுவதால், மல்லாந்து நெடுநேரம் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். எல்லாவற்றிலும் கொடியது பசை அட்டை. எலிக்கு அதைப் பல மாநிலங்கள் தடை செய்தன, பூச்சிக்கு மட்டும் தாராளமாக விற்கிறார்கள். இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர்த்தி, குழாய் நுழையும் இடுக்குகளை அடைத்தாலே கொல்ல வேண்டிய எண்ணிக்கை பெரிதும் குறையும்.

பேரன் தும்பி வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுகிறான். அதட்டினால், "நீங்க கோழி அடிக்கிறீங்களே தாத்தா?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், காரைக்குடி

நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். கோழிக்குத் தும்பியைவிட நிச்சயமாக வலிக்கும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதைச் சாப்பாட்டுக்காகக் கொல்கிறோம், அதுவும் சரியா என்று கேட்பவர்கள் உண்டு, பெரியவனானதும் நீயே முடிவு செய் என்று சொல்லுங்கள். தும்பியை இழுத்துப் பிடிப்பதற்கோ எந்தத் தேவையும் இல்லை. நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 'விலங்கு' என்பதற்குத் தரும் விளக்கமே, மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்பதுதான்.

அவன் வால் என்று நினைப்பது தும்பியின் வயிறு. இதயக் குழலும் குடலும் மூச்சுத் துளைகளில் பெரும்பாலானவையும் அதில்தான் உள்ளன. முடிச்சு இறுகினால் எல்லாம் நெரியும். நூலைப் பிடித்து இழுத்தால் வயிறே அறுந்துவிடும். இறக்கைகள் நான்கையும் முதுகுக்கு மேல் சேர்த்து இரு விரலால் மெல்லப் பிடித்து, முடிச்சுக்கும் உடலுக்கும் நடுவே நகம் வெட்டும் சிறு கத்தரியின் நுனியைவிட்டு வெட்டச் சொல்லுங்கள். பிறகு செடியின் மேல் உட்கார வைத்தால் போதும், தூக்கி எறிய வேண்டாம். அடுத்த நாள் அவனைக் குளக்கரைக்குக் கூட்டிப் போங்கள். தும்பி பறந்தபடியே கொசுவைப் பிடிப்பதையும், முட்டையிட வயிற்று நுனியால் நீரைத் தட்டுவதையும் அங்கே பார்க்கலாம்.