கிட்டுவும் பட்டுவும்

அன்புள்ள ஐயா,

'வட்டமான தட்டு' பாட்டை என் பாட்டி சொல்லிக்கொடுத்தார். இப்போது என் மகளுக்கு நான் சொல்கிறேன். நாட்டுப்புறப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். எழுதியவர் அழ. வள்ளியப்பா என்று போன வாரம்தான் தெரிந்தது. இவரை எப்படி மறந்தோம்? அப்புறம் ஒரு சந்தேகம்: இதெல்லாம் இலக்கியத்தில் சேருமா?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லா அடியும் 'ட்டு' என்றே முடியும். மொத்தம் எட்டு லட்டு. பாதியை விட்டுவிட்டு மீதியைக் கிட்டு எடுத்துக்கொள்கிறான். விட்டது தங்கை பட்டுவுக்கு. கடைசியில் காலித் தட்டு. வட்டம், பாதி, மீதி, கழித்தல் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் கணக்குப் பாடம் நடப்பதாக எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. 'தங்கைக்குப் பங்கு கொடு' என்ற புத்திமதியும் கிடையாது. அண்ணன் பாதியோடு நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். ஓசைக்காக இழுத்து வந்த சொல் ஒன்றுகூட இல்லை. இது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நான் முயன்றிருக்கிறேன், நாலாவது வரியிலேயே 'சட்டுப்புட்டு' வந்து நின்றது.

வள்ளியப்பா 1922இல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து 'சக்தி' பத்திரிகையில் காசாளராகச் சேர்ந்தார். பணம் எண்ண வந்தவரை எழுதத் தூண்டியவர் அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. பிறகு இந்தியன் வங்கி. ஓய்வு பெறும்வரை வங்கிக்காரர்தான். 'மலரும் உள்ளம்' முதல் தொகுப்பு 1944இல் வந்தது, 23 பாட்டுகளோடு. தான் மட்டும் எழுதினால் போதாது என்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, மற்றவர்களையும் இழுத்துவிட்டார். வங்கியிலிருந்து வெளியே வந்ததும் 'கோகுலம்' சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியர். 1989இல் காலமானார்.

சரி, ஏன் மறந்தோம்? மூன்று வயதில் யாரும் 'எழுதியவர் யார்' என்று கேட்பதில்லை. கேட்கிற வயது வருவதற்குள் பாட்டு நம் வீட்டுச் சொத்தாகிவிடுகிறது. உங்கள் பாட்டியை மன்னித்துவிடலாம். அதே பாட்டைப் பெயர் போடாமல் அச்சடித்து விற்கிறவர்களையும், காணொளியாக ஏற்றிக் காசு பார்க்கிறவர்களையும் எனக்கு மன்னிக்க மனமில்லை.

மகளிடம் பெயரைச் சொல்லிவையுங்கள். இப்போது நினைவில் நிற்காது. அவருடைய 'நீலா மாலா' கதை கிடைத்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் அவளே எடுப்பாள். அட்டையில் பெயர் இருக்கும்.