அணுவிசை நுண்ணோக்கிக்கு வேறு நிறுவனத்தின் முனைகளை வாங்கலாமா?

மணலி நண்பருக்கு வணக்கம். கூரிய முனையால் பரப்பின் மேடுபள்ளங்களை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் பெயின்ட் பூச்சுகளை டேப்பிங் முறையில் (முனை அதிர்ந்தபடி பரப்பை மெல்லத் தட்டிச் செல்லும் முறை) ஆராயும்போது முனைகள் விரைவில் மழுங்கிவிடுவதாகவும், கருவியை விற்ற முகவர் தம் நிறுவனத்து முனைகள் மட்டுமே பொருந்தும் என்று கூறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான கருவிகளுக்கு அக்கூற்று சரியன்று. முனையை நுனியில் கொண்ட மெல்லிய வளையும் தண்டான கான்டிலீவரைத் தாங்கும் சிலிக்கான் சில்லு 3.4 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. அகலமும் சுமார் 0.3 மி.மீ. தடிமனும் கொண்டதாக உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்யப்படுவதால், சுவிட்சர்லாந்தின் நானோவேர்ல்டு, பல்கேரியாவின் பட்ஜெட்சென்சார்ஸ் போன்றோரின் முனைகளையும் உங்கள் தாங்கியில் பொருத்த முடியும். முனை முன்பே ஒட்டப்பட்ட தனி வகைத் தாங்கியைக் கேட்கும் கருவிகள் சில உண்டு. கையேட்டில் அதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது கான்டிலீவரின் அதிர்வெண், அதன் விறைப்பைக் காட்டும் விசை மாறிலி, முனை ஆரம், லேசர் ஒளியைப் பிரதிபலிக்கும் பின்புற அலுமினியப் பூச்சு ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நீங்கள் பயன்படுத்துவது வழக்கமான 300 கிலோஹெர்ட்ஸ், மீட்டருக்கு 40 நியூட்டன் வகையாக இருந்தால், மென்மையான பூச்சுகளுக்கு அது மிகவும் விறைப்பானது. 75 கிலோஹெர்ட்ஸ், மீட்டருக்கு 3 நியூட்டன் அளவிலான வகையை முதலில் முயல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

50 முனைகள் கொண்ட பெட்டியில் ஒன்றின் விலை குறையும் என்றாலும், பெட்டியின் ஒட்டும் ஜெல்லிலிருந்து சிலிகோன் மெல்ல முனைகளில் படிந்து அளவீட்டைக் கெடுக்கக்கூடும் என்பதால், விரைவில் தீராத அளவுக்கு வாங்கி வைக்க வேண்டாம். அருகிலுள்ள கல்லூரி ஆய்வகம் ஏதேனும் இதே முனைகளை வாங்குகிறதா என்று விசாரித்துச் சேர்ந்து தருவித்தால், விமானச் சரக்குக் கட்டணத்தையாவது பகிர்ந்துகொள்ளலாம்.