கடல் ஏறுமுன் கிணறு உவர்க்கும்

கேள்வி: கடல்மட்டம் உயர்ந்து துவாலு, மாலத்தீவு போன்ற தீவு நாடுகள் மூழ்குவதற்கு இன்னும் எத்தனையோ ஆண்டுகள் இருக்கும்போது, இப்போதே ஆபத்து என்பது ஏன்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதல் அடி கிணற்றுக்கு விழுவதால்தான். பவளத்தீவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் ஊறிநிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதமே கனம். ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி வரை நிற்கும் என்பது கணக்கு. ஆனால் மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால், உப்புநீர் 4 மீட்டர் வரை மேலேறப் பார்க்கும். கரை அரித்துத் தீவு குறுகக் குறுக, இந்த நன்னீர்ப் படலமும் மெலியும்.

அதைவிடக் கொடியது பேரலை. கடல்மட்டம் உயர்ந்தபின் அலை எளிதாகத் தீவின்மேல் வழியும். உப்பு மேலிருந்தே மணலில் இறங்கும். மழை அதைக் கழுவித் தள்ள மாதங்கள் ஆகும், ஆண்டுக்கு மேலும் ஆகலாம். துவாலுவில் நிலத்தடி நீர் தட்டும்வரை குழி வெட்டி, 'புலக்கா' என்ற கிழங்கு நடுவார்கள். குழியில் உப்பேறினால் பயிர் போய்விடும். நிலம் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். அதில் பிழைக்க முடியாது.

கேள்வி: உப்பான கிணற்றை முழுக்க இறைத்துவிட்டால் சரியாகாதா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: முழுக்க இறைக்கக் கூடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உங்கள் கரையோரத்திலேயே அளவுமீறி இறைத்த கிணறுகளில் அடி உப்பு மேலேறியது. சேறு போக ஒருமுறை மெதுவாக இறையுங்கள்; அந்த நீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். மிச்சத்தை மழைதான் செய்ய வேண்டும். பசிபிக் தீவு நாடான கிரிபட்டியின் தாராவாவில் ஊருக்கு எடுக்கும் நீருக்கு ஆழ்துளை போடுவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டித் துளையிட்ட குழாய்களைப் படுக்கைவாட்டில் புதைத்து, மெல்ல எடுக்கிறார்கள்.

கேள்வி: மழைநீர்த் தொட்டியும் கடல்நீர் சுத்திகரிப்பும் போதாவா? (வாசகர், சென்னை)

பதில்: தொட்டி அவசியம், ஆனால் கணக்குப் பாருங்கள். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போகச் சுமார் 400 லிட்டர் சேரும். முதலில் வரும் 25 முதல் 50 லிட்டரைக் கூரை அழுக்கோடு வெளியேற்ற வேண்டும். ஆறு பேர் தலைக்கு 20 லிட்டர் செலவழித்தால், 90 நாளுக்கு 10,800 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தாலும் பற்றாது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளுக்கு 20 லிட்டர் வரை தின்றுவிடும்; குழாயின் வாஷரை உடனே மாற்றுங்கள். 2011 வறட்சியில் துவாலு நெருக்கடி நிலையை அறிவித்தது; நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சுத்திகரிப்புக் கருவிகளை விமானத்தில் அனுப்பின.

அந்தக் கருவிக்கு டீசல், உப்பைப் பிரிக்கும் சவ்வு, உதிரிபாகம் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். மாலத்தீவின் தலைநகர் மாலே அதையே நம்பியிருந்தது. 2014 டிசம்பரில் ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. மாலேயின் நிலத்தடி நன்னீரோ அதற்கு வெகுகாலம் முன்பே இறைத்துத் தீர்க்கப்பட்டிருந்தது. ஆகவே ஆலை வந்த தீவிலும் கிணற்றைக் கைவிடக் கூடாது. கழிவுநீர் இறங்காத தூரத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். உப்பை மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.