"அந்தக் குண்டு விழாவிட்டால் நீ பிறந்திருக்கவே மாட்டாய்"

கேள்வி: நான் மதுரைக்காரி. பதினாறு வருடமாக அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தாவுக்கு இப்போது வயது 99. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் சண்டை போட்டவர். என் மகளுக்கு 14 வயது. ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் இருக்கும் கருகிப்போன டிபன் பாக்ஸ் ஒன்றைப் பற்றிப் பள்ளியில் புராஜெக்ட் செய்தாள். போன மாதம் குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு வந்தது. தாத்தா, "அந்தக் குண்டுதான் போரை முடித்தது. அது விழாவிட்டால் நான் ஜப்பான் கடற்கரையிலேயே செத்திருப்பேன், நீ பிறந்திருக்கவே மாட்டாய்" என்றார். மகள், "அப்படியென்றால் என் வயதுப் பிள்ளைகளைக் கொன்றுதான் நான் பிறந்தேனா? நீங்கள் கொலைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. கணவரோ அவள் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்கிறார். மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக்குள் நான் வந்த முதல் நாளிலிருந்து என்னைப் பேத்தியாக நடத்தியவர் தாத்தா. நான் யார் பக்கம் நிற்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாத்தா அன்று ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ஒன்று, "நான் பிழைத்தேன்". இன்னொன்று, "அதனால் அது சரி". உங்கள் மகள் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டாள். முதலாவது அவருடைய வாழ்க்கை, அதோடு யாரும் வாதாட முடியாது. இரண்டாவதோடு தாராளமாக வாதாடலாம். எண்பது வருடமாக அமெரிக்காவிலேயே வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலாவதை உங்கள் மகளுக்கு நீங்கள்தான் புரியவைக்க வேண்டும். 1945 ஆகஸ்டில் தாத்தாவுக்குப் பத்தொன்பது வயது இருந்திருக்கும். நவம்பர் 1ஆம் தேதி ஜப்பானின் தென்கோடியில் உள்ள கியூஷு தீவில் இறங்குவது, அடுத்த மார்ச்சில் டோக்கியோவை ஒட்டிய சமவெளியில் இறங்குவது என்று திட்டம் தயாராக இருந்தது. பிலிப்பைன்ஸில் இருந்த படைகள் பலவற்றின் பெயர் அந்தக் கியூஷு பட்டியலில் இருந்தது. அந்த ஆகஸ்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜப்பானின் ஒக்கினாவா தீவில் நடந்த சண்டை முடிந்திருந்தது. ஏப்ரல் 1இல் தொடங்கி ஜூன் பிற்பகுதி வரை நடந்த அந்த ஒரு சண்டையில் மட்டும் அமெரிக்கர்கள் சுமார் 12,500 பேர் செத்தார்கள். ஜப்பானிய வீரர்கள் ஏறக்குறைய லட்சம் பேர். ஆயுதம் எடுக்காத ஒக்கினாவா மக்களும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு தீவுக்கே இந்தக் கணக்கு என்றால் ஒரு நாட்டுக்கு எவ்வளவு என்று கூடாரத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பையனும் கணக்குப் போட்டிருப்பான். ஜப்பானில் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மூங்கில் ஈட்டி கொடுத்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. போரில் காயம்படுகிறவர்களுக்கு அமெரிக்க ராணுவம் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்களை அந்தச் சமயத்தில் லட்சக்கணக்கில் செய்துவைத்தார்கள். மிஞ்சியவை கொரியப் போர், வியட்நாம் போர் எல்லாம் முடிந்த பிறகும் தீரவில்லை. அதில் ஒன்று தனக்கு என்று நினைத்திருந்த பையனிடம் ஒருநாள் "போர் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்றால் அவன் என்ன செய்வான்? அழுதிருப்பான். அந்த அழுகையைத்தான் தாத்தா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கொலைக்கு வக்காலத்து என்று சொன்னது தப்பு.

இதில் எனக்கும் கொஞ்சம் சொந்தக் கதை உண்டு. என் அம்மாச்சி மலாயாவில் கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அவருடைய அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போட என்று ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பாதையில் செத்த தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அம்மாச்சியின் தகரப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று கடைசிவரை இருந்தது. ஜப்பான் சரணடைந்த அன்றைக்கு வெறும் காகிதமாகிப்போன நோட்டு. அதை எடுத்துக் காட்டி, "குண்டு போட்டான், இவன் போனான், நாங்க சோறு தின்னோம்" என்பார். மூன்றரை வருடம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தவருடைய வார்த்தை அது. பதினைந்து வயதில் ஹிரோஷிமா படங்களை முதல்முதலாகப் பார்த்த நான் அம்மாச்சியோடு சண்டை போட்டேன். அவர் பதில் பேசவில்லை. நோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். அவ்வளவுதான். அண்ணன் பெயர் என்ன என்றுகூட அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தை மறைத்துக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை சொல்வது முறையாக இருக்காது. அந்தக் குண்டுகளைப் போட்டது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'வேறு வழியே இல்லை' என்பது நிரூபணமான சங்கதி இல்லை. ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் டோகோ, சமாதானத்துக்கு ரஷ்யாவை நடுவராகப் பிடிக்க மாஸ்கோவில் இருந்த தன் தூதர் வழியாக ஜூலையிலேயே முயன்றுகொண்டிருந்தார். அந்தத் தந்திகளை அமெரிக்கா இடைமறித்துப் படித்துக்கொண்டும் இருந்தது. பேரரசரை விட்டுவைப்போம் என்று ஒரு வரி ஜப்பானைச் சரணடையச் சொல்லி ஜூலை 26இல் வெளியான போட்ஸ்டாம் அறிக்கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. ஆகஸ்ட் 8இல் ரஷ்யாவும் ஜப்பான்மேல் போர் அறிவித்தது. பேரரசர் ஆகஸ்ட் 15இல் நாட்டு மக்களுக்கு வானொலியில் பேசியபோது கொடிய புதுக் குண்டைக் காரணமாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் படை வீரர்களுக்கு விடுத்த ஆணையில் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை, ரஷ்யா போரில் இறங்கியதைத்தான் சொன்னார். எது அவர்களைப் பணியவைத்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள்.

தாத்தா பக்கத்து வாதமும் லேசானது இல்லை. இரண்டு குண்டும் விழுந்து, ரஷ்யாவும் உள்ளே வந்த பிறகுகூட ஜப்பானின் உச்ச சபையில் ஆறு பேர் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நின்றார்கள். பேரரசர் தலையிட்டுத்தான் முடிவு வந்தது. ஆகஸ்ட் 14 இரவு அவருடைய பேச்சின் ஒலிப்பதிவைக் கைப்பற்ற இளம் அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குள்ளேயே புகுந்தார்கள். தானாகவே பணிந்திருப்பார்கள் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முற்றுகை போட்டுக் காத்திருந்தால் அதுவும் பட்டினிச் சாவுதான். ஆசியா முழுக்க ஜப்பானின் பிடியில் இருந்தவர்களும் தினம் தினம் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்பது அந்தக் குறி. ஹிரோஷிமாவில் பெரிய ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. விமானி குறிவைத்தது அதையல்ல. ஊர் நடுவில் ஆங்கில 'டி' எழுத்துப் போல இருந்த அயோய் பாலத்தைக் குறிவைத்தார்கள். காலை 8:15 மணி. தீப்பரவலைத் தடுக்க வீடுகளை இடித்துச் சந்து உண்டாக்கும் வேலைக்கு ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். உங்கள் மகள் எழுதிய டிபன் பாக்ஸ் அவர்களில் ஒரு பையனுடையதுதான். 13 வயது. தேடிப் போன தாய், உடலுக்கு அடியில் கிடந்த அந்த டப்பாவை வைத்துத்தான் தன் பிள்ளையை அடையாளம் கண்டாள். மத்தியானத்துக்கு என்று கட்டிக்கொடுத்த சோறும் காயும் கரிக்கட்டியாக உள்ளே அப்படியே இருந்தன. அந்த வருடக் கடைசிக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் சுமார் 70,000 பேர்.

நாகசாகி விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. முதல் குண்டு எப்படிப்பட்டது என்று ஜப்பானின் சொந்த விஞ்ஞானிகளே ஆகஸ்ட் 8இல்தான் ஹிரோஷிமா போய்ப் பார்த்தார்கள். மறுநாளே அடுத்தது. முதலில் நினைத்திருந்த ஊர் கொக்குரா. அங்கே கீழே எதுவும் தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. இதற்கென்று தனியாக யாரும் உட்கார்ந்து யோசிக்கவும் இல்லை. குண்டு தயாராகத் தயாராகப் போடலாம் என்று ஜூலை 25ஆம் தேதி உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள்.

தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் வைக்க என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. அதே ஜூலை 25இல் ஜனாதிபதி ட்ரூமன், குறி படையினர்மீதுதான், பெண்கள் குழந்தைகள்மீது இல்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். பதினாறு நாள் கழித்து, ஆகஸ்ட் 10இல், தன்னைக் கேட்காமல் இனி ஒரு குண்டும் போடக்கூடாது என்று நிறுத்தினார். இன்னும் ஒரு லட்சம் பேரை, 'அத்தனை குழந்தைகளையும்' கொல்வதை நினைத்தாலே பொறுக்கவில்லை என்று அவர் சொன்னதாக, அன்றைக்கு அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த ஹென்றி வாலஸ் எழுதிவைத்திருக்கிறார். பிற்பாடு ட்ரூமன் தன் முடிவுக்காக வருந்துவதாக வெளியில் சொன்னதில்லை. ஆனால் உங்கள் மகளைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பிய அதே எண்ணம், உத்தரவு போட்ட மனிதருக்கும் வந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லுங்கள். தாத்தாவிடமும் சொல்லலாம், ஆனால் சண்டைக்கு இழுக்கிற குரலில் வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் கருத்துக்காக மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தாதீர்கள். செத்துப்போன பையன் ஒருவனுக்காக ஒரு பதினான்கு வயதுப் பெண் கண் கலங்கியிருக்கிறாள், அதைத் தப்பு என்று வீட்டில் பதியவைக்கக் கூடாது. அந்த 'வக்காலத்து' என்ற சொல்லுக்காகவும், பாதியில் எழுந்து போனதற்காகவும் வருத்தம் தெரிவித்தால் போதும். அதுவும் அவளாக வந்து சொல்லட்டும். நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம், அவள் கூடப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்திருங்கள்.

அங்கே குண்டு சரியா தப்பா என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பதிலை அவர் எண்பது வருடமாகச் சொல்லிப் பழகிவிட்டார், மறுபடியும் அதையேதான் சொல்வார். பிலிப்பைன்ஸில் அவர் பக்கத்தில் படுத்திருந்தவர் யார், எந்த ஊர், வீட்டுக்குத் திரும்பினாரா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். போர் முடிந்த செய்தி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அன்று ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்கட்டும். அப்புறம் அவருக்குத் தெம்பு இருந்தால், அவள் தன் புராஜெக்டைக் கொண்டுபோய் அந்த டிபன் பாக்ஸ் படத்தைக் காட்டட்டும். "இவனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு தாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். அவர் கோபப்படலாம், அழலாம், "என் கூட்டாளிகளும் பிள்ளைகள்தான்" என்று சொல்லலாம். எது சொன்னாலும் அவள் முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

அவருக்கு 99 வயது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து வரட்டும், கிறிஸ்துமஸ் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள்.