பழைய ஏடிவி வாங்கித் தோட்டத்துக்கு மாற்றலாமா? பைக் மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"பழைய ஏடிவி ஒன்று மலிவாக வருகிறது. தெரிந்த பைக் மெக்கானிக்கை வைத்துக் கொஞ்சம் மாற்றங்கள் செய்து, தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கான அந்தச் சின்ன நான்கு சக்கர வண்டியை வாங்கலாம், ஓட்டலாம். ஆனால் அந்தப் பைக் மெக்கானிக் விஷயத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் இருக்கிறது. அதனால் பதில் நீளும்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வண்டி அநேகமாகச் சீனத் தயாரிப்பாக இருக்கும். 110 அல்லது 125 சிசி. ஏதாவது மலைவாசத்தலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வட்டமடித்துத் தேய்ந்ததாக இருக்கும். வீட்டில் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சரிதானா?

நான் மெக்கானிக் இல்லை. உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "மில் பிட்டருக்கு ஏடிவியைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். ஆலையில் ஓடினாலும் வண்டியில் ஓடினாலும் பேரிங் பேரிங்தான். என் மாமன் மகன் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். உங்களைப் போலவே ஒரு வண்டியை வாங்கினான், உங்களைப் போலவே ஒரு பைக் மெக்கானிக்கிடம் விட்டான். அவர் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். அந்த மெக்கானிக் கெட்டிக்காரர், கை சுத்தம், பணமும் நியாயமாகத்தான் வாங்கினார். அதிலெல்லாம் குறை சொல்ல மாட்டேன். இரண்டு சக்கரம் கூடுதலாக உள்ள பைக் என்று அந்த வண்டியைப் பார்த்தார். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

காரின் பின்புறம் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற அது இடம் கொடுக்கும். இந்தச் சின்ன ஏடிவிகளில் அது கிடையாது. ஒரே இரும்பு ஆக்சில், இரண்டு முனையிலும் சக்கரம், நடுவே செயின். இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பிறகு எப்படித் திரும்புகிறது என்றால், உள்சக்கரம் மண்ணில் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கிறது. ஓட்டுபவரும் உடம்பை முன்னால் நகர்த்தி, வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்து கொடுக்க வேண்டும். சீட் அவ்வளவு நீளமாக இருப்பது இதற்காகத்தான். பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொள்வதற்கு அல்ல. எங்கள் ஆட்களோ அந்தச் சீட்டைப் பார்த்ததும் மூன்று பேர் உட்காரலாமா, நடுவில் பால் கேனை வைக்கலாமா என்று கணக்குப் போடுகிறார்கள்.

சிமெண்டுக் களத்தில் இந்த வண்டி என்ன செய்யும் என்பதை அன்று மாமன் வீட்டுக் களத்தில் பார்த்தோம். கொப்பரை காயப்போட்டிருந்தது. மாமன் மகன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுதாக ஒடித்தான். மண்ணாக இருந்தால் சக்கரம் சறுக்கியிருக்கும். சிமெண்டில் டயர் பிடித்துக்கொண்டது. முன்சக்கரங்கள் இடப்பக்கம் பார்த்தபடி இருக்க, வண்டி மட்டும் நேரே போய்க் கொப்பரைக்குள் நின்றது. மாமன் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இதற்கு மாடுகன்று, பண்டம்பாடியே மேல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு டயரிலும் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தது. பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிப்பதைப் போல அடித்துவிட்டார்கள். இந்த வகைப் பலூன் டயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 பிஎஸ்ஐதான்; டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகி இருக்கும். கல்லிலும் வரப்பிலும் அமுங்கிக் கொடுத்து, பாதி ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்வது அந்த டயர்தான். காற்றை ஏற்றினால் வரப்பில் ஏறும்போதெல்லாம் வண்டி துள்ளும். சாதாரணக் காற்றுமானியில் 10க்குக் கீழே முள் அசையாது என்பதால், குறைந்த அழுத்தத்தைக் காட்டும் மானியைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. 1970இல் ஹோண்டா இந்த வகை வண்டியை மூன்று சக்கரத்தோடுதான் விற்கத் தொடங்கியது. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்க அரசுடன் நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் அங்கே மூன்று சக்கர வண்டி விற்பனையே நின்றுபோனது. சக்கரம் நான்கு ஆன பிறகும் கவிழ்வது நிற்கவில்லை. அகலம் குறைவு, உயரம் அதிகம், ஓட்டுபவரின் எடை மேலே இருக்கிறது. வாய்க்கால் மேட்டில் குறுக்காகப் போனால் நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கும்.

இனி ஆக்சிலேட்டர் கதைக்கு வருகிறேன். கம்பெனி கொடுத்தது கட்டைவிரலால் தள்ளும் சிறிய நெம்புகோல். "விரல் வலிக்கிறது மச்சான், பைக்கில் பழகிய கைக்கு முறுக்குவதுதான் தோது" என்று மாப்பிள்ளை சொல்ல, மெக்கானிக் பைக்கின் முறுக்கு ஆக்சிலேட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டார். கூடவே, ஹேண்டில்பாரில் தொங்கிய சுருள் கயிற்றையும் 'குழந்தைகள் சமாச்சாரம்' என்று கழற்றி, அந்த ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவைத்தார். அந்தக் கயிறு மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதற்கு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும்.

தோப்புக்குப் போகும் இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மழைக்குப் பிறகு வண்டித் தடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. முன்சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது உடம்பு பின்னால் போகும். கை ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் மணிக்கட்டு கீழே மடங்கும். முறுக்கு ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்துகொள்ளும். வண்டி பாய்ந்ததும் உடம்பு இன்னும் பின்னால் போகும், கை இன்னும் இழுக்கும். கட்டைவிரல் நெம்புகோலாக இருந்திருந்தால் விரல் நழுவியதும் இன்ஜின் அடங்கியிருக்கும். மாப்பிள்ளை பயந்துபோய், பைக்கில் செய்வதைப் போல இடது காலைத் தரையில் ஊன்றினான். ஏடிவியில் காலுக்கு நேர் பின்னால் இருப்பது பின்சக்கரம். அது குதிகாலைப் பிடித்து ஏறியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வேலியோரம் உட்கார்ந்திருந்தான். வண்டி கிளுவைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. செருப்பின் வார் டயரின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே செருகி, ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டில் பட், பட் என்று அடித்தது. சாவியை அணைத்தது நான்தான். எலும்பு முறியவில்லை, கணுக்காலில் தசைநார் கிழிந்து மாவுக்கட்டோடு கிடந்தான். அந்தக் கட்டோடு படுத்துக்கொண்டும் "சைலன்சர் நசுங்கவில்லையே மச்சான்?" என்று கேட்டான்.

பந்தய ஓட்டுநர்கள் சிலர் முறுக்கு ஆக்சிலேட்டர் வைத்துக்கொள்கிறார்களே என்று ஒருவர் சொல்ல வருவார். வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் முழங்கால் உயரத்துக்குப் பூட்ஸ் போட்டு, கால் தவறாமல் இருக்கத் தாங்கியில் வலை கட்டி ஓட்டுகிறார்கள். நாம் ரப்பர் செருப்போடு தண்ணீர் திருப்பப் போகிறோம். பழைய நெம்புகோலையே தேடி மாட்டினேன். அதன் கூட்டில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். உள்ளே திருகினால் நெம்புகோல் முழுதாக நகராது, வேகம் கட்டுப்படும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு அதைப் பாதி இறக்கி வையுங்கள். பெயருக்கு ஒரு ஹெல்மெட் சாளை வீட்டில் ஆணியில் தொங்குவதில் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இழுவை போதவில்லை என்று, செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கியது இன்னொரு கூத்து. பைக்கில் அது சரி. அங்கே ஸ்பிராக்கெட் பெரிய சக்கரத்தின் நடுவில் பத்திரமாக உயரத்தில் இருக்கிறது. ஏடிவியில் சக்கரம் சிறியது. ஆக்சிலின் நடுவே தொங்கும் ஸ்பிராக்கெட்தான் அடிவயிற்றிலேயே தாழ்ந்த இடம். உங்கள் தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் புல்லுக்குள் எத்தனை கல் மறைந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பல் உடைந்து, செயின் கழன்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இழுவைதான் வேண்டும் என்றால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். முன்னால் 14, பின்னால் 37 என்றால் விகிதம் 2.64. முன்னால் 13 ஆக்கினால் 2.85. அதே விகிதத்தைப் பின்னால் கொண்டுவரப் பார்த்தால் 40 பல் வேண்டும். செலவும் குறைவு, தரைக்கும் இடைவெளி குறையாது.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டுவது, சைலன்சரின் உள்குழாயை அறுத்துச் சத்தம் கூட்டுவது, இரண்டும் ஒன்றாகத்தான் வரும். காற்று அதிகமாகப் போகும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் பெட்ரோல் போதாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது, சுண்ணாம்பு அடித்ததைப் போல வெளுத்திருக்கும். இன்ஜின் காய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். போதாததற்கு அந்தத் தோப்பை ஒட்டித் தேங்காய் நார்த் தொழிற்சாலைக் களம். நார்க்கழிவுத் தூள் காற்றில் பறக்கிற இடத்தில் திறந்த ஃபில்டர் வைத்தால் பிஸ்டன் ரிங் என்ன ஆகும்? ஆனது. நீலப்புகை கக்கியது.

பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றதும் மெக்கானிக், "ஸ்பிளெண்டர் பிஸ்டனே போதுங்க, இரண்டும் ஒரே குடும்பம்" என்றார். குடும்பம் ஒன்றுதான், இரண்டும் ஹோண்டாவின் பழைய சின்ன வண்டியான கப் வழி வந்தவை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 49.5 மில்லிமீட்டர். ஆனால் சிலிண்டரின் உள்விட்டமான போர், 97 சிசி ஸ்பிளெண்டருக்கு 50, இந்த 110 இன்ஜினுக்கு 52.4. வெர்னியரை வைத்து அளந்து காட்டிய பிறகுதான் வாயை மூடினார். அளக்காமல் 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று சொல்லும் ஆளிடம் இன்ஜினைத் திறக்கக் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சரியான பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்தால் அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து தருவார்கள். முதலில் பிஸ்டன், பிறகு போர். இந்த வரிசை மாறக்கூடாது.

ரோட்டில் ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஓட்டுவீர்கள். இந்தப் பொழுதுபோக்கு வண்டிகளுக்குப் பதிவு எண் கிடையாது. எண் இல்லாத வண்டி பால் சொசைட்டி வரைக்கும் போனாலும் குற்றம்தான். விபத்து நடந்தால் காப்பீடும் இல்லை. ஆனைமலைப் பக்கம் உறவுக்காரர் தோப்புக்குக் கொண்டுபோனால் புலிகள் காப்பக எல்லைக்குள் டயரை வைக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வண்டி வாங்கிய செய்தி பரவியதும் கல்யாணப் படம் எடுப்பவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையையும் பெண்ணையும் தோப்பில் வைத்துப் படம் எடுக்க ஏடிவி வேண்டுமாம். உறவுமுறை சொல்லிக் கேட்பதால் மறுக்கவும் முடியாது. தரை தொடும் பாவாடையோடு பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து, ஆக்சிலில் துணி சுற்றினால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. என் அப்புச்சி காலத்தில் சீர் செய்வதற்கு ஒரு கணக்கு இருந்தது, சடங்கு செய்யும் அருமைக்காரர் நின்று நடத்தினார், கல்யாணம் முடிந்தது. இன்றைக்கு டிரோனுக்கும் புகைக்குண்டுக்கும் ஆகும் செலவில் ஒரு போர்வெல் ஓட்டிவிடலாம். எங்கள் வண்டியை வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொடுத்தபோது பெட்ரோல் டேங்க் காலி, மட்கார்டில் கீறல், படத்தில் ஒரு பிரதி கூட எங்களுக்கு வரவில்லை. பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் சத்தத்தில் மயங்காதீர்கள். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆக்சில் பேரிங் போய்விட்டது. ஒரு சக்கரத்தை இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மற்றதை முன்னும் பின்னும் திருப்புங்கள். சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே லொடலொடப்பு இருந்தால் உள்ளே ஸ்பிளைன் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஆக்சில் நட்டில் ஸ்பிளிட் பின் போடாமல் ஓட்டிய வண்டி அது, ஆக்சிலும் ஹப்பும் இரண்டுமே புதிதாக வேண்டும். ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஜாக்கி வைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அவர் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.