மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

கண்டிப்பாக உண்டு. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்தான் என் வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: சொல்லை வாலிலிருந்து படியுங்கள்.

'கோலிசிஸ்டெக்டமி'யைப் பாருங்கள். கடைசியில் நிற்கும் 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது. 'சிஸ்ட்' என்பது பை, 'கோலி' என்பது பித்தம். ஆக, பித்தப்பையை அகற்றும் ஆபரேஷன். வால் தெரிந்தாலே நோயா, பரிசோதனையா, அறுவை சிகிச்சையா என்பது பிடிபட்டுவிடும். 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'ஸ்கோபி' வந்தால் கருவி விட்டுப் பார்ப்பது.

காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழும் வால்களில்தான் உஷார் தேவை. கொலாட்டமி என்றால் பெருங்குடலைக் கீறித் திறப்பது. கொலாஸ்டமி என்றால் மலம் வெளியேற வயிற்றில் வழி அமைப்பது. கொலெக்டமி என்றால் பெருங்குடலையே, பகுதியாகவோ முழுதாகவோ, எடுத்துவிடுவது. நோயாளிக்கு இவை மூன்றும் மூன்று வேறு வாழ்க்கை.

அடுத்து, வேரையும் வாலையும் ஒட்டுகிற 'ஓ'. இரைப்பையைக் குறிக்கும் 'காஸ்ட்ரோ', காஸ்ட்ரோஸ்கோபியில் அப்படியே இருக்கிறது; காஸ்ட்ரைட்டிஸில் அந்த 'ஓ' காணாமல் போகிறது. வால் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓ' விழுந்துவிடும். மாடு + இல்லை = மாடில்லை என்று உகரம் கெடுகிறதே, அதே சங்கதி. ஆனால் இரண்டு வேர்கள் சேரும் இடத்தில், அடுத்த வேர் உயிரில் தொடங்கினாலும் பெரும்பாலும் 'ஓ' நிற்கும்: காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் ('என்டர்' என்பது குடலைக் குறிக்கும் வேர்).

ஒரே உறுப்புக்கு இரண்டு வேர்கள் வருவது பலரைக் குழப்புகிறது. சிறுநீரகத்துக்குக் கிரேக்க வேர் 'நெஃப்ரோ', லத்தீன் வேர் 'ரீன்'. நோய், ஆபரேஷன் பெயர்களில் பெரும்பாலும் கிரேக்கம் (நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி). உடற்கூறு பேசும்போது லத்தீன் (ரீனல் ஆர்ட்டரி).

வேரை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 'மயலோ' எலும்பு மஜ்ஜையையும் குறிக்கும், தண்டுவடத்தையும் குறிக்கும். ஆஸ்டியோமயலைட்டிஸ் எலும்பையும் மஜ்ஜையையும் தாக்குவது. போலியோமயலைட்டிஸ் தண்டுவடத்தைத் தாக்குவது. 'மயோ' என்றாலோ தசை. இங்கே அறிக்கை முழுவதையும் படித்தால்தான் தெளியும்.

முன்னொட்டுகளில் 'ஹைப்போ'வும் 'ஹைப்பரு'ம் எதிரெதிர். ஆடியோவில் எளிதில் மாறிக் கேட்கும். ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைவு, ஹைப்பர்கிளைசீமியா என்றால் அதிகம். சர்க்கரை ஏற்கெனவே இறங்கியவருக்கு இன்சுலின் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்தில் தெளிவாகக் கேட்கவில்லையென்றால் ஊகித்து அடிக்காதீர்கள். இடத்தைக் காலியாக விட்டு, டாக்டருக்குக் குறிப்பு எழுதி அனுப்புங்கள்.