கிளப் ஆட்டங்களைப் பார்த்தால் கவுண்டி அணியின் அடுத்த வருஷம் தெரிந்துவிடுமா?

கேள்வி இது: "அயர்லாந்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கேலிக் ஃபுட்பால் பிடித்துவிட்டது. உள்ளூர் கிளப் சாம்பியன்ஷிப்பைத் தொடர்ந்து பார்த்தால் கவுண்டி அணி அடுத்த சீசனில் எப்படி ஆடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இல்லை, கிளப் ஆட்டமெல்லாம் டைம் வேஸ்ட்டா?"

அந்த "டைம் வேஸ்ட்" மட்டும் இல்லாதிருந்தால் பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். சொல்ல முடியுமா என்றால், முடியாது. சொல்லிப் பார்த்து, தொழிற்சாலை கேன்டீனில் இருபது பேர் முன்னால் மூக்குடைபட்டவன் நான். வேஸ்ட்டா என்றால், அதுவும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), காசல்பார் பக்கம். 2021-இல் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து வந்து சேர்ந்தோம். "நேற்று வந்துவிட்டு மண்ணின் மைந்தன் மாதிரிப் பேசுகிறான்" என்று கமெண்ட் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். நேரிலேயே இதைவிட நன்றாக வாங்கியிருக்கிறேன். ஹர்லிங் (மட்டையால் ஆடும் இன்னொரு ஐரிஷ் ஆட்டம்) பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்பவர்களுக்கு: மேயோவில் டூரீன் மாதிரி ஓரிரு இடம் தவிர அந்த மட்டையைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம். தெரியாததை எழுத எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் கிரிக்கெட், ஐபிஎல் பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இது பிடிபடாது. இங்கே ஏலம் இல்லை, சம்பளம் இல்லை. ஒருவன் எந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தானோ (சர்ச் பங்கைச் சொல்கிறேன்) அந்தப் பங்கின் கிளப். அந்த கிளப் எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டி. நம் ஊர்ப் பக்கம் கபடிக் குழுக்கள் ஊர்ப் பெயர் போட்ட பனியனோடு இறங்கும் அல்லவா, அதை 15 பேர் அணியாக்கி, 82,000 பேர் உட்காரும் குரோக் பார்க் வரை கொண்டுபோனால் எப்படி இருக்கும், அப்படி. கவுண்டி ஆட்டங்கள் ஜூலையோடு முடிந்துவிடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கிளப்புகளின் காலம். கவுண்டியை வென்ற கிளப் மாகாணத்துக்குப் போகும், அதையும் வென்றால் ஜனவரியில் அகில அயர்லாந்து கிளப் இறுதி. இந்த மூன்று மாதத்தில்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

பிடித்த கதையில் கார் வருகிறது, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்திய ஓட்டுநர் உரிமத்தை இங்கே மாற்றித் தர மாட்டார்கள். பதினொரு வருஷம் மதுரை பைபாஸில் லாரிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் ஓட்டியவன், எழுத்துத் தேர்விலிருந்து ஆரம்பித்தேன். கட்டாய வகுப்பு, அதற்குக் காசு. அப்புறம் தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. தேதி வந்து போனால், காலியான நேர்ச் சாலையில் மெதுவாகப் போனேன் என்று ஃபெயில். மெதுவாகப் போனதற்கு! வேகமாகப் போனால் அபராதம், மெதுவாகப் போனால் ஃபெயில். மறுபடியும் வரிசை. இன்ஷூரன்ஸ்காரர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் ஊரில் என் அம்மா படித்துவிடுவார், வேண்டாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் உரிமம் இல்லாததால்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் காரில் ஏறவேண்டி வந்தது.

அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். முன்பு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்று கொடி ஆட்டும் அம்பயராக இருந்தவர். பந்து வலைக்குள் போனால் கோல், பச்சைக் கொடி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் பாயிண்ட், வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடையில் இறக்கிவிடுவதாகச் சொல்லித்தான் ஏற்றினார். கடைக்குப் போகும் வழியில் "ஒரு பாதி மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமா" என்றார். அந்த ஒரு பாதி அடுத்த மூன்று இலையுதிர் காலத்துக்கு நீண்டது. பாலும் முட்டையும் வாங்காமல் வீடு திரும்பிய நாள்கள் உண்டு, மனைவியிடம் கேளுங்கள். மழை என்றால் காரை மைதானத்து வேலி ஓரமாகவே நிறுத்தி, வைப்பரை ஓடவிட்டு, ஃப்ளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு பார்ப்போம். பாயிண்ட் விழுந்தால் கைதட்டலுக்குப் பதில் அவர் ஹாரன் அடிப்பார்.

ஸ்கோரை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கோலுக்கு மூன்று, பாயிண்டுக்கு ஒன்று. கோலைத் தனியாக முன்னால் எழுதுவார்கள். 2024-இல் கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்து இறுதியில் அர்மா 1-11, கால்வே 0-13. பார்த்தால் கால்வே ஜெயித்த மாதிரி தெரியும். கூட்டினால் 14-13, கோப்பை அர்மாவுக்கு.

சரி, மூக்குடைபட்ட விஷயம். 2023 இலையுதிர் காலம், கவுண்டி காலிறுதி. கிளப் பெயர் வேண்டாம், பையன் பெயரும் வேண்டாம். இருபத்திரண்டு வயது, தச்சு வேலை பார்ப்பவன், இடதுகாலன். அன்று எட்டு பாயிண்ட். அதில் நான்கு நாற்பது மீட்டருக்கு வெளியிலிருந்து, காற்றுக்கு எதிராக. பந்தைக் கால்விரலால் தட்டித் தட்டிக் கைக்கு எடுத்துக்கொண்டு ஓடி, உடம்பை ஒருபக்கம் சாய்த்து அடிப்பான். பந்து கம்பத்துக்கு வெளியே போவது போலப் போய்க் கடைசியில் உள்ளே வளையும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திங்கட்கிழமை கேன்டீனில் அறிவித்தேன்: "ஜனவரியில் இவன் கவுண்டி அணியில் இருப்பான். ஜூனில் இவன்தான் முதல் பதினைந்து." கூட வேலை பார்ப்பவன் ஒருத்தன் கை நீட்டினான். பந்தயம்: நான் தோற்றால் ஒரு வருஷம் முழுக்க வாராவாரம் அவனுடைய கிளப்பின் லாட்டோ சீட்டு வாங்க வேண்டும். (ஒவ்வொரு கிளப்பும் நடத்தும் சின்ன லாட்டரி அது. மைதானத்துக்கு விளக்குப் போடுவதும் சிறுவர்களுக்குப் பந்து வாங்குவதும் அந்தக் காசில்தான்.)

பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவனைக் காத்து நின்றது யார் என்று பார்த்தாயா?" பார்க்கவில்லை. பந்து இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த கார்னர் பேக்குக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் நூறு ஆட்டுக்கு மருந்து ஊற்றிவிட்டு வந்து நின்றான். அவன்மேல் எட்டு பாயிண்ட் என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு டோனிகால்காரனிடம் போக முடியாது."

ஜனவரி வந்தது. மேற்கு மாகாணமான கொனாக்ட்டின் அணிகளுக்கு அப்போது எஃப்.பி.டி. லீக் என்று சீசனுக்கு முந்தைய போட்டி நடக்கும். மேயோவின் பெக்கனில் ராட்சத பலூனை ஊதிக் கவிழ்த்தது போல ஒரு உள்ளரங்கக் கூடாரம் அப்போது இருந்தது (2025 ஜனவரிப் புயலில் நாசமாகிவிட்டது), முழு மைதானமே அதற்குள் அடக்கம். புதுப் பையன்களை அதிலெல்லாம் இறக்கிப் பார்ப்பார்கள். அறிவித்த பட்டியலை ஃபோனில் மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அவன் பெயர் இல்லை. ஃபார்ம் போய்விட்டதா, பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லையா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது பெரியவர்தான் சொன்னார்: கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சிட்னிக்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே தச்சனுக்கு நல்ல கூலி. கூடவே அதே அணியின் கோல்கீப்பரும் இன்னொருத்தனும்.

அதை எந்த ஸ்கோர்கார்டிலும் பார்க்க முடியாது பாருங்கள். கிளப் ஆட்டத்தில் ஒருவன் என்ன அடித்தான் என்பது எழுதியிருக்கும். வாடகை கொடுத்து இங்கேயே இருக்க அவனால் முடியுமா, டப்ளினில் படிக்கிறவன் வாரத்தில் மூன்று ராத்திரி காசல்பாருக்கு வந்து போவானா, இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? 2025-லிருந்து புது விதிப்படி நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு பாயிண்ட். அவனுடைய எட்டு அன்றைக்கே பன்னிரண்டாகியிருக்கும். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

லாட்டோ வாங்கினேன், ஒரு வாரம்கூட விடாமல். கேன்டீனில் என் பெயரே கொஞ்ச நாள் 'செலக்டர்' ஆகிவிட்டது.

இது என் ஒருத்தன் முட்டாள்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் 1997-லிருந்து 2012-க்குள் ஆறு முறை அகில அயர்லாந்து கிளப் சாம்பியன். அந்தக் காலத்தில் அவர்களுடைய கவுண்டியான அர்மா சாம் மகுவயர் கோப்பையை (கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பை, சுருக்கமாக 'சாம்') தூக்கியது 2002-இல் ஒரே ஒரு முறை. கால்வேயின் கொரோஃபின் 2018, 2019, 2020 என்று வரிசையாக மூன்று. கால்வேக்கு 2001-க்குப் பிறகு சாம் இல்லை. டெர்ரியின் கிளென் 2024 ஜனவரியில் கிளப் சாம்பியன், அடுத்து டெர்ரி கவுண்டிகளுக்கான தேசிய லீக்கையும் வென்றது. ஊரெல்லாம் அவர்கள் பெயர்தான். கோடையில் காலிறுதியோடு வீட்டுக்குப் போனார்கள். மேயோவை எடுத்துக்கொண்டால் 2001-இல் கிராஸ்மொலீனா, 2005-இல் பாலினா ஸ்டீஃபனைட்ஸ், இரண்டும் அகில அயர்லாந்து கிளப் சாம்பியன்கள். மேயோ கடைசியாக சாம் வென்றது 1951. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், 2004-இலும் 2006-இலும் மேயோ இறுதிவரை போனது. இரண்டிலும் கெரியிடம் செம அடி. ஆக, கிளப் பலத்துக்கும் கவுண்டிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று யாராவது வாதாடினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். (1951 அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோ மறுபடி வெல்லாது என்ற சாபக் கதையைத் தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள். அந்த அணியின் கடைசி ஆளும் 2021-இல் காலமானார். அதற்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லை.)

இன்னொரு சிக்கல், பெரிய ஆட்டக்காரன் பெரிய கிளப்பில்தான் இருப்பான் என்று நினைப்பது. கெரியின் டேவிட் கிளிஃபர்ட் 2022, 2023 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். அவருடைய கிளப் ஃபாஸா, கிலார்னிக்குப் பக்கத்தில், 2023 ஜனவரியில் அகில அயர்லாந்து ஜூனியர் பட்டம் வென்ற கிளப். ஜூனியர் என்றால் வயது இல்லை, சீனியர், இன்டர்மீடியட்டுக்குக் கீழே மூன்றாவது படி. கெரியில் சின்ன கிளப்புகளைச் சேர்த்துக் கூட்டணி அணி அமைத்து சீனியரில் ஆடவிடுவார்கள். கிளிஃபர்ட் அப்படி ஈஸ்ட் கெரிக்காக ஆடுகிறவர். கெரி சீனியர் சாம்பியன்ஷிப்பில் கிளப் பெயர்களை மட்டும் தேடியிருந்தால் அவர் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார். மேயோவில் கூட்டணி முறை இல்லை, அதனால் நான் இன்டர்மீடியட் ஆட்டங்களுக்கும் போகிறேன். அங்கே மைதானத்தில் கூட்டம் குறைவு, வசவு நன்றாகக் காதில் விழும்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது என்பீர்கள். நான் இப்போது பார்ப்பது கவுண்டி ஆட்டக்காரன் கவுண்டி ஆட்டக்காரனை எதிர்த்து நிற்கும் இடத்தை மட்டும். அந்த இருவரில் யார் தடுமாறுகிறார்கள் என்பது ஜனவரிக்குக் கொஞ்சம் பயன்படும். அப்புறம் கோல்கீப்பரின் உதை. புது விதியில் அது வளைவைத் தாண்டித்தான் விழ வேண்டும். முன்புபோலப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிட முடியாது. நீளமாக உதைக்கத் தெரிந்த கீப்பரும், உயரத்தில் எம்பிப் பிடிக்கிற நடுக்களக்காரனும் ஒரே கவுண்டியில் கிடைத்தால் பயிற்சியாளருக்குப் பாதி வேலை முடிந்தது. 2025-இல் மேயோ சொந்த மைதானத்திலேயே கேவனிடம் தோற்று, கடைசியில் டோனிகால் அடித்த கடைசிப் பாயிண்டில் வெளியே போனது. இப்போது மேயோ அணி ஆண்டி மோரன் பொறுப்பில் இருக்கிறது, அவர் 2017-இன் சிறந்த ஆட்டக்காரர். அவர் ஊரான பாலஹடரீன் 1898-லிருந்து ரோஸ்காமன் கவுண்டியில் இருக்கிறது, கிளப் மட்டும் இன்றுவரை மேயோவில்தான் ஆடுகிறது! இதைச் சொன்னால் என் மனைவி, "அப்போ நாமும் மேயோதானா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

மேயோவின் வாய்ப்பு எப்படி என்று நேராகக் கேட்டால், ஒரு தடவை சூடுபட்ட பூனை நான், பதில் கிடையாது.

அந்தப் பையன் கதையை முடித்துவிடுகிறேன். சிட்னியிலும் கேலிக் கிளப்புகள் உண்டு, அங்கே ஆடுகிறானாம். அவன் போன அடுத்த சீசனில் இங்கே அவனுடைய கிளப் சீனியரிலிருந்து இன்டர்மீடியட்டுக்கு இறங்கிவிட்டது. பந்தய வருஷம் முடிந்தும் லாட்டோ நின்றபாடில்லை. இப்போது வாரம் இரண்டு சீட்டு, ஒன்று பந்தயம் ஜெயித்தவன் கிளப்புக்கு, இன்னொன்று அந்தப் பையன் கிளப்புக்கு. இதுவரை ஒரு யூரோ விழவில்லை.

நீங்கள் மேயோ பக்கம் என்றால், கார் இல்லை என்றால், கீழே கமெண்டில் சொல்லுங்கள். மூன்றாவது முயற்சியில் உரிமம் வந்துவிட்டது. பெரியவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன், அவர் முன் சீட்டில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்து "வேகமாகப் போ, த்ரோ-இன் (ஆட்டத் தொடக்கம்) போய்விடும்" என்கிறார். பின் சீட்டில் இடம் இருக்கிறது. கடைக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறோம்.